தொங்காத கழுத்து

கழுத்து வளையும் நல்ல சுவிவல் சாக்கெட் ஒன்றைக் கையில் படுக்கைவாக்கில் பிடித்து, அதன் தலையை மேல்நோக்கி ஓர் இருபது டிகிரி சாய்த்துவிட்டு விரலை எடுங்கள். சாய்த்த இடத்தில் அப்படியே நிற்கும். கையை லேசாகக் குலுக்கினாலும் இறங்காது. மறுபடி விரலால் தள்ளினால் மெல்லிய ஓர் எதிர்ப்போடு அடுத்த கோணத்துக்குப் போய், அங்கே நிற்கும். கருவிக் கடையில் நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். விலை கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தச் சின்ன இறுக்கம் எதற்கு என்பது மேனிஃபோல்டு நட்டில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலான இன்ஜின்களில் மேல்வரிசை நட்டுகள் கண்ணெதிரே இருக்கும். சாதாரண சாக்கெட் நேராகப் போய் உட்கார்ந்துவிடும். கீழ்வரிசை, வளைந்து வரும் குழாய்களின் மறைவில் இருக்கும். மாருதி ஆம்னியில் இன்ஜினே முன்சீட்டுக்கு அடியில்தான். சீட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்தால் 796 சி.சி. இன்ஜினுக்கும் சுற்றியுள்ள தகட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும். கண் போகாது, டார்ச் வெளிச்சமும் பாதி வழியில் நின்றுவிடும். விரல் நுனியால் நட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்த விரலை எடுக்காமலே சாக்கெட்டை அதன் மேல் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஜாயின்ட் தொளதொளவென்று இருந்தால் சாக்கெட் தலை தன் எடையிலேயே கவிழ்ந்துவிடும். அதை நிமிர்த்த இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்கு உள்ளே இடமில்லை. தலை நிற்கிற சாக்கெட் என்றால் வெளியிலேயே கோணத்தை வைத்துக்கொண்டு உள்ளே கொண்டுபோகலாம். நட்டின் ஆறு பட்டையில் அது ‘டக்’ என்று இறங்குவது காதில் விழுவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கழுத்தின் அமைப்பை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கைப்பிடிப் பக்கம் ஒரு கவட்டை, சாக்கெட் பக்கம் ஒரு கவட்டை, இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். நடுவில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஓர் எஃகுக் கட்டை. அந்தக் கட்டையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பின்கள். இரண்டும் கட்டையின் மையத்தில் சந்தித்தாக வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டாக வேண்டும். அதற்கு ஓர் அழகான வழி உண்டு. ஒரு பின் தடிமனாக இருக்கும், அதன் நடுவில் துளையிட்டிருப்பார்கள். மெல்லிய பின் அந்தத் துளைக்குள் நுழைந்து மறுபுறம் வரும். மெல்லியது உள்ளே இருக்கும்வரை தடித்தது கழன்று வர முடியாது. மெல்லியதன் இரு முனைகளையும் தட்டிப் பரப்பி, மட்டமாகத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. திருகாணி கிடையாது, வெல்டிங் கிடையாது. ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பின்கள்தான் அந்தச் சாக்கெட்டின் முழு பலமும்.

வாங்கும்போது அந்தப் பின் முனைகளின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் இடறக் கூடாது. முனை வெளியே துருத்தியிருந்தால் இடுக்கில் அதுதான் முதலில் தட்டும், புறங்கையையும் கீறும். உள்ளே பள்ளமாக இருந்தால் சரியாகத் தட்டிப் பரப்பவில்லை என்று பொருள். அடுத்து, கழுத்தை நேராக நிறுத்திவிட்டுக் கைப்பிடிப் பக்கத்தை ஒரு கையிலும் தலையை மறுகையிலும் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்குங்கள். புதுச் சாக்கெட்டிலேயே ஆட்டம் தெரிந்தால், எண்ணெயும் தூசியும் பட்டு ஒரு வருடம் ஓடிய பிறகு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்ன இறுக்கம் எங்கிருந்து வருகிறது? சிலவற்றில் கவட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சிறு ஸ்பிரிங் ஒளிந்திருக்கும். அது கட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். சிலவற்றில் கழுத்தைச் சுற்றி வெளியிலேயே ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். அது தலையை நேராக்கப் பார்க்கும். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் வகை. வைத்த கோணத்தில் நிற்பதும், திரும்பத் திரும்ப நிமிர முயல்வதும் வேறு வேறு குணங்கள். இடுக்கில் வேலை செய்பவருக்கு முதல் குணம்தான் உதவும்.

இந்த ஜாயின்ட்டுக்கு வயது முந்நூற்று ஐம்பதுக்கு மேல். 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயரையும், அதற்கு அடுத்த நூற்றாண்டின் ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக்கின் பெயரையும் இது சுமக்கிறது. சூரியனைப் பார்ப்பதற்கான கருவிகளைப் பற்றி 1676-ல் வெளியிட்ட நூலில் ஹூக் இதை விவரித்து, யுனிவர்சல் ஜாயின்ட் என்றே பெயரும் வைத்தார். வானத்தைப் பார்க்கும் கருவிக்காக வந்தது, இன்று லாரிக்கு அடியில் சேறு பூசிக்கொண்டு சுற்றுகிறது. ‘கிராஸ் போயிருச்சு’ என்று லாரிக்காரர்கள் சொல்வது இதன் நடுக்கட்டையைத்தான்.

லாரிக்கும் சாக்கெட்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஜாயின்ட் சாய்ந்திருக்கும்போது, இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 15 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் மூன்றரை சதவீதம்தான். கைக்குத் தெரியவே தெரியாது. 30 டிகிரியில் 13 சதவீதம் குறைந்து 15 சதவீதம் கூடும். 45 டிகிரிக்குப் போனால் 29 சதவீதம் குறைவு, 41 சதவீதம் கூடுதல். லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் முனைக்கு ஒன்றாக இரண்டு கிராஸ் வைத்து, ஒன்றின் குளறுபடியை மற்றொன்றால் சரிக்கட்டுகிறார்கள். நம் சாக்கெட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதன் ஏற்ற இறக்கம் முழுவதும் நட்டின் தலையில்தான் போய் விழும். ராட்செட்டைச் சுற்றும்போது ஓர் இடத்தில் இளகி, ஓர் இடத்தில் பிடிப்பது போலத் தோன்றுகிறதே, அது நட்டின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. கோணத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

டார்க் ரெஞ்சை இதோடு சேர்க்கும்போது கவனம் வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். ‘க்ளிக்’ என்று சத்தம் கொடுக்கும் சாதாரண டார்க் ரெஞ்சின் பிழையே நான்கு சதவீதம்வரை இருக்கலாம். 15 டிகிரிக்குள் வைத்தால் ஜாயின்ட் அதன் மேல் ஏற்றும் பிழை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். அதற்கு மேல் சாய்த்தால் ரெஞ்சில் வைத்த எண்ணை நம்பி வேலை செய்ய முடியாது. கழற்றுவதற்கும், ஓட்டி இறக்குவதற்கும் சுவிவல் சாக்கெட். கடைசி இறுக்கத்துக்கு நேர் சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ நுழையுமா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. புதிதாக நட்டுப் போடும்போது முதல் இரண்டு மரையாவது விரலால் ஏறட்டும். சாய்ந்த ஜாயின்ட் பக்கவாட்டில் தள்ளும், கோணலாகப் பிடித்த மரை கெட்டுவிடும்.

இனி சாக்கெட்டின் வாய்க்கு வருவோம். விலை குறைந்தவற்றில் தரம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். ஆறு பட்டையா, பன்னிரண்டு பட்டையா என்று பாருங்கள். துருவேறிய நட்டுக்கு ஆறுதான். அந்த ஆறு மூலைகளும் கூராக முடிகின்றனவா, சிறிய வளைவோடு முடிகின்றனவா என்றும் பாருங்கள். மூலையில் லேசான வளைவு விட்டுக் கடைந்திருந்தால் விசை நட்டின் விளிம்பில் விழாமல் பட்டையில் விழும், நட்டு உருண்டுபோகாது. வாயின் ஓரத்தில் உள்ள சரிவையும் கவனிக்க வேண்டும். கண் தெரியாத இடத்தில் நட்டைத் தேடும்போது அந்தச் சரிவுதான் சாக்கெட்டை வழிநடத்தி உட்காரவைக்கிறது. அதுவே அதிகமானால் பட்டையின் ஆழத்தைத் தின்றுவிடும். மெல்லிய தலை உள்ள போல்ட்டில் வழுக்கும். அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்கிற இந்த நிதானத்தைக் கவனித்துக் கடைந்தவர் யாரோ, அவருக்கு நன்றி சொல்லத் தோன்றும் எனக்கு.

ஆழமும் ஒரு விஷயம். மேனிஃபோல்டில் ஸ்டட் நட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டைச் சாக்கெட்டின் அடிப்பகுதி ஸ்டட்டில் முட்டிக்கொண்டு நிற்கும், நட்டைப் பாதிதான் பிடிக்கும். சற்று ஆழமான வாய் இருந்தால் நல்லது. கூடவே சுவரின் தடிமன். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டுகள் குரோம் மாலிப்டினம் எஃகில் தடித்த சுவரோடு வரும். ஏர் கன்னுக்கு அவைதான் வேண்டும். கையால் செய்யும் இடுக்கு வேலைக்கு அந்தத் தடிமனே தடை. நட்டுக்கும் குழாய்க்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இருந்தால் கறுப்பு நுழையாமல் நின்றுவிடும், குரோம் வெனேடியத்தில் செய்த மெல்லிய சுவருள்ள வெள்ளைச் சாக்கெட் போய்விடும். வெள்ளையை ஏர் கன்னில் மாட்டாதீர்கள், அந்த மெல்லிய பின் தாங்காது.

தனி யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று வாங்கி, வீட்டில் இருக்கும் சாக்கெட்டுகளையெல்லாம் அதில் மாட்டிக்கொண்டால் என்ன? செய்யலாம். செலவும் குறைவு. ஆனால் ஜாயின்டின் நீளம் ஒன்று, சாக்கெட்டின் நீளம் ஒன்று என்று இரண்டும் சேரும். சுவிவல் சாக்கெட்டில் கழுத்தும் தலையும் ஒன்றாகவே இருப்பதால் ஒரு சதுர முனையின் நீளம் மிச்சமாகிறது. இரண்டு விரல் இடத்தில் அதுவே பெரிய லாபம். இணைப்பு ஒன்று குறைவதால் ஆட்டமும் குறைகிறது. சாய்வு அவ்வளவாகத் தேவைப்படாத வேலைக்கு இன்னும் மலிவான வழி உண்டு. வாபிள் எக்ஸ்டென்ஷன் என்று கேளுங்கள். சதுர முனையின் அடியை உருட்டிக் கடைந்திருப்பார்கள். ஏறத்தாழ 15 டிகிரி சாயும், பின் கிடையாது, உடைய ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் மேல் போல்ட்டுகளுக்கு நீண்ட எக்ஸ்டென்ஷன் போட்டுப் பின்னாலிருந்து பிடிக்கும்போது பல வண்டிகளில் இதுவே போதும்.

கடைக்காரரிடம் ஒரே சைஸில் நான்கைந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். “எல்லாம் ஒரே கம்பெனிதான் சார், எதை எடுத்தா என்ன?” என்பார். “இருக்கட்டும்ணே, சும்மா பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் சாய்த்துப் பாருங்கள். ஸ்பிரிங் இல்லாத, விலை குறைந்த சாக்கெட்டுகளில் ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்று தொங்கும், ஒன்று நிற்கும். பின்னைத் தட்டிய கையின் அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும், குறைந்திருக்கும், அவ்வளவுதான். அதிக விலை கொடுப்பவர் அந்தத் தேர்வைக் கம்பெனியிடம் விட்டுவிடுகிறார். குறைந்த விலைக்கு வாங்குபவர் கடை மேசையில் பத்து நிமிடம் செலவழித்து அதைத் தானே செய்துகொள்ளலாம். இப்படிப் பொறுக்கி எடுத்த சாக்கெட், பெயர்பெற்ற விலையுயர்ந்த சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கியது தொங்குகிறதா? தூக்கி எறிய வேண்டாம். கழுத்தின் மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், அல்லது எலெக்ட்ரீஷியன்கள் போடும் ஹீட் ஷ்ரிங்க் டியூப்பில் ஒரு துண்டை மாட்டிச் சூடு காட்டுங்கள். தலை நிற்கும், வளையவும் செய்யும். நட்டைத் திரும்பப் போடும்போது வாய்க்குள் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தாலோ, சின்னக் காகிதத் துண்டை நட்டோடு சேர்த்து அழுத்தினாலோ நட்டு உள்ளே விழாது. இதே சாக்கெட்டோடு ஸ்டார்ட்டர் மோட்டாரில் கை வைப்பதாக இருந்தால் முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. இடுக்கில் இருக்கும் இரும்புக் கருவி எதைத் தொடும் என்று கண்ணால் பார்க்க முடியாது.

எந்த நம்பர் வாங்குவது என்பதில்தான் காசு மிச்சமாகும். முழு செட்டில் பாதி நம்பர்கள் பெட்டியை விட்டு வெளியே வராது. உங்கள் வண்டியைப் பார்த்து வாங்குங்கள். மாருதி சுசுகியும் மற்ற ஜப்பானிய வழி வண்டிகளும் 6, 8, 10 மில்லிமீட்டர் மரைக்கு முறையே 10, 12, 14-ம் நம்பர் தலை வைப்பவை. ஐரோப்பிய வழக்கில் வந்த வண்டிகளில் 8 மில்லிமீட்டர் மரைக்கு 13-ம் நம்பர் வரும், 10 மில்லிமீட்டருக்கு 16 அல்லது 17. ராட்செட் மாட்டும் சதுரம், அதாவது டிரைவ், மூன்று நூல் (3/8 இன்ச்). அரை இன்ச் கழுத்து இடுக்குக்குப் பருமன். கால் இன்ச் துருப்பிடித்த நட்டுக்குத் தாங்காது. ஆம்னியோ மாருதி 800-ஓ வைத்திருப்பவர் 10, 12, 14 என்று மூன்றே மூன்று வாங்கினால் போதும். மிச்சப் பணத்தில் 72 பல் ராட்செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 24 பல் ராட்செட்டுக்கு ஒரு பல் பிடிக்கக் கைப்பிடி 15 டிகிரி நகர வேண்டும். இதற்கு 5 டிகிரி போதும்.