புகைத்தடையும் முப்பது கதிரை விதிவிலக்கும்

இலங்கையில் பொது இடப் புகைத்தடை வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகாரசபைச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. மூடிய பொது இடத்தில் எவரும் புகைக்கக் கூடாது, பிறரைப் புகைக்க விடவும் கூடாது என்பது அதன் கட்டளை. புகையிலை விளம்பரத்தையும், 21 வயது நிரம்பாதோருக்கு விற்பதையும் அதே சட்டம் தடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003 நவம்பரிலேயே ஏற்று உறுதிசெய்த நாட்டுக்கு இது பொருத்தமான அடுத்த படியாகவே இருந்தது.

ஆனால் தடை விதித்த அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்தது. விமான நிலையங்களிலும், 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்களிலும், 30 பேருக்குக் குறையாமல் இருந்து சாப்பிடக்கூடிய உணவகங்களிலும் புகைப்போருக்கென இடம் ஒதுக்கலாம். இந்தத் தடை சரிதானா, அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமா, தடை எதுவரை நீளலாம் என்ற மூன்று கேள்விகளையும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வைத்து எடைபோடலாம். மீன்பிடிப் படகுகள், சீனக்குடாவின் மாவு ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், நகரத் தவறணைகள், உப்புவெளி நிலாவெளிக் கடற்கரை விடுதிகள் என்று இச்சட்டம் தொடுகின்ற எல்லா வகை இடமும் இந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் அளவுகோல். புகைப்பவர் தன் உடலுக்குச் செய்வதை இந்த விவாதத்தில் நான் கணக்கிடவில்லை. தானாகத் தெரிவு செய்யாத புகையை யார் சுவாசிக்கிறார், எவ்வளவு நேரம் சுவாசிக்கிறார் என்பதே இங்கு கேள்வி. தவறணைக்கு வருபவர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். போத்தலை எடுத்துக் கொடுப்பவரும், மேசை துடைப்பவரும், பொரியல் தட்டுக் கொண்டுவரும் பையனும் கடை பூட்டும்வரை அதே காற்றில்தான் நிற்கிறார்கள். தடையின் நன்மையை வாடிக்கையாளரை வைத்து அளந்தால் சிறிதாகத் தெரியும். தொழிலாளியை வைத்து அளந்தால் அதன் உண்மையான அளவு தெரியும்.

பிறர் விடும் புகை தீங்கு செய்யும் என்பதில் இன்று அறிவியலில் சந்தேகமில்லை. புகைக்கும் கணவர்களுடைய, புகைக்காத மனைவியரிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயமா எடுத்துக்காட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு, பிறர் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006இல் அறிவித்தார். இலங்கைக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. 2014–15 தேசிய ஆய்வின்படி ஆண்களில் 29.4 வீதத்தினர் புகைத்தார்கள், பெண்களில் 0.1 வீதத்தினரே. ஆகவே இந்நாட்டுப் பெண்களின் நுரையீரலுக்குள் போகின்ற புகையிலைப் புகை அனேகமாக முழுவதும் அவர்கள் கேட்டு வாங்காதது.

தடை அதைக் குறைக்கிறதா? இங்கே கவனம் தேவை, ஏனெனில் தடையின் ஆதரவாளர்கள் சில வேளைகளில் தேவைக்கு மேல் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஹெலீனா என்ற சிறு நகரில் தடை வந்ததும் மாரடைப்புச் சேர்க்கைகள் 40 வீதம் குறைந்தன என்ற ஆய்வு பெரும் புகழ் பெற்றது. ஆனால் அது மிகச் சிறிய எண்ணிக்கைகளில் நின்ற கணக்கு. ஸ்கொட்லாந்தில் 2006 தடைக்குப் பின் கண்ட வீழ்ச்சி 17 வீதம். இங்கிலாந்தின் 2007 தடையை முழு நாட்டுத் தரவுகளோடு ஆராய்ந்தபோது கிடைத்தது 2.4 வீதம். தரவு பெருகப் பெருகப் பலன் சிறுக்கிறது. மாரடைப்பு எண்ணிக்கை ஒன்றையே நம்பி வாதிடுபவர் தளர்ந்த மண்ணில் நிற்கிறார்.

தொழிலாளியைப் பற்றிய சான்று அப்படித் தளரவில்லை. அயர்லாந்துக் குடியரசு 2004 மார்ச் 29ஆம் திகதி மதுக்கடைகள் உட்பட எல்லா வேலைத்தலங்களிலும் புகைத்தலை நிறுத்தியது. முழு நாட்டுக்குமாக இப்படிச் செய்த முதல் நாடு அதுதான். அக்கடைகளில் வேலை செய்த புகைக்காதவர்களின் எச்சிலைத் தடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். நிக்கோட்டின் உடலில் விட்டுச்செல்லும் கொட்டினைன் 80 வீதம் குறைந்திருந்தது. அப்போது தடை இல்லாதிருந்த பக்கத்து வட அயர்லாந்தில் அதே காலத்தில் குறைந்தது 20 வீதம் மட்டுமே. ஒப்பிட ஓர் அயலூரும், உடலிலிருந்தே எடுத்த அளவும் சேர்ந்து கிடைத்த இச்சான்றைத் தட்டிக்கழிக்க முடியாது.

எதிர்வாதங்கள் மூன்று வலுவானவை. முதலாவது, வியாபாரம் படுத்துவிடும் என்பது. தடைக்குப் பின் பிரித்தானியாவில் ஏராளமான மதுக்கடைகள் மூடப்பட்டது உண்மை. ஆனால் 2008 பொருளாதாரச் சரிவும், பல்பொருள் அங்காடிகளில் மலிந்த மதுவும் அதே ஆண்டுகளில் வந்தவை. பழியைத் தடையின் தலையில் மட்டும் போட முடியாது. உணவகங்களின் வருமானம் பற்றி வந்த ஆய்வுகளைத் திரட்டி 2003இல் செய்த மதிப்பீடு, நட்டம் என்று கண்ட ஆய்வுகளின் பின்னால் புகையிலைத் தொழிலின் பணம் இருந்ததையும், நன்கு அமைந்த சுயாதீன ஆய்வுகள் நட்டத்தைக் காணாததையும் காட்டியது. திருகோணமலையில் இவ்வாதம் இன்னும் மெலிந்தது. வைகாசி முதல் ஆவணி வரை நிலாவெளிக்கு வரும் ஐரோப்பியர் பலர், தம் ஊரில் உணவகத்துக்குள் புகைக்க முடியாத நாடுகளிலிருந்து வருபவர்கள். அங்கே வாசலுக்கு வெளியே போய்ப் புகைத்துப் பழகியவர் இங்கே அதற்காகப் பயணத்தைக் கைவிடமாட்டார்.

இரண்டாவது, கடையில் தடுத்தால் வீட்டில் புகைப்பார்கள், பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்ற அச்சம். நேர்மையான அச்சம்தான். ஸ்கொட்லாந்தில் இதை நேரடியாகச் சோதித்தார்கள்: தடைக்குப் பின் ஆரம்பப் பாடசாலை இறுதி வகுப்புப் பிள்ளைகளின் கொட்டினைன் 39 வீதம் குறைந்திருந்தது. புகை வீட்டுக்குள் இடம்பெயர்ந்ததற்கு அங்கே அடையாளம் இல்லை. ஒரு நாட்டின் முடிவு இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அச்சத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு இப்போது அச்சப்படுபவரிடம் இருக்கிறது.

மூன்றாவதே எனக்கு மிகக் கனமானது: தண்டனை ஏழையின் தலையில் விழுகிறது என்ற வாதம். இரவு முழுக்கக் கடலில் கிடந்து வந்து பீடி பற்றவைக்கும் கடற்றொழிலாளிக்கும், நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவருக்கும் தண்டப்பணம் என்பது ஒரு நாள் அடுப்பு. சிறிய தேத்தண்ணிக்கடையில் அவர் புகைத்தால் குற்றம். பெரிய ஹோட்டலில் ஒதுக்கிய பகுதியில் இன்னொருவர் புகைத்தால் உரிமை. இவ்வாதம் சுட்டும் அநீதி உண்மையானது. ஆனால் அது தடையிலிருந்து பிறக்கவில்லை, விதிவிலக்கிலிருந்து பிறக்கிறது.

அந்த 30 என்ற எண் எங்கிருந்து வந்தது? இந்தியாவின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்திலும் இதே 30 அறை, 30 இருக்கை, விமான நிலையம் என்ற மூன்றும் இருக்கின்றன. இரு நாட்டிலும் அந்த எண்ணுக்கு மருத்துவ அடிப்படை கிடையாது. 29 கதிரை உள்ள கடையில் நஞ்சாக இருக்கும் புகை 30ஆவது கதிரை போட்டதும் மாறிவிடாது. தனியிடமும் காற்றோட்டமும் போதும் என்ற எண்ணத்தையும், 2007இல் பாங்கொக்கில் கூடிய சமவாய நாடுகள் ஏற்ற வழிகாட்டல் மறுத்துவிட்டது: மின்விசிறியோ வடிகட்டியோ ஒதுக்கிய அறையோ பாதுகாப்புத் தராது, முழுத் தடையே தரும். விதிவிலக்கு காக்கத் தவறுவது குறிப்பாகப் பரிமாறுபவரை. புகைக்கும் பகுதிக்குள் தட்டை ஏந்திப் போகும் பணியாளருக்குப் புகையற்ற பகுதி என்று ஒன்று இல்லை. அதே மாவட்டத்தில், அதே சம்பளத்துக்கு, ஒருவர் சிறு கடையில் காக்கப்படுகிறார். மற்றவர் பெரிய விடுதியில் கைவிடப்படுகிறார்.

அடுத்து, கண்காணிப்பு. பொலிசாருக்கும் மதுவரி அதிகாரிகளுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் வேறு நூறு வேலை உண்டு. ஒவ்வொரு தவறணைக்கும் ஒவ்வொரு இரவும் அவர்கள் வர முடியாது. இங்கே துறைமுகமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியத் தாக்குதலில் எண்ணெய்த் தாங்கி பற்றியெரிந்த மண் இது. எண்ணெய்த் தாங்கிகளின் வளாகத்தில் தீக்குச்சி கொளுத்த யாரும் துணிவதில்லை. ஒரு பொறி என்ன செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். வளாகத்தை நடத்துபவரே வாசலில் பொறுப்பு நிற்கிறார். நுரையீரலின் தீ இருபது வருடம் கழித்துத் தெரிவதால் அங்கே அப்படி ஒரு வாசற்பொறுப்பு இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. புகைக்க விடுவதும் குற்றம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்த வரியை மதுபான உரிமப் புதுப்பிப்போடு கட்டினால் முதலாளியே காவலாகிவிடுவார். வியாபாரிகள் இதற்கு ஒத்துவரமாட்டார்கள் என்பதும் பிழை: 2018 அளவில் யாழ்ப்பாண மாவட்டம் உட்பட நாட்டின் பல நகரங்களில் கடைக்காரர்கள் சிகரெட் விற்பதையே தாமாக நிறுத்தினார்கள்.

கடைசிக் கேள்வி, எல்லை. பிரான்ஸ் 2025 கோடையில் கடற்கரைகளுக்கும் பூங்காக்களுக்கும் பஸ் தரிப்பிடங்களுக்கும் தடையை நீட்டியது. நாமும் திருகோணமலையின் டச்சுக் குடாக் கரையில் அதைச் செய்ய வேண்டுமா? என் அளவுகோல் இங்கே வேறு பதில் தருகிறது. கடற்காற்றில் புகை கலைகிறது. பக்கத்தில் நிற்பவர் நகர்ந்துகொள்ள முடிகிறது. எட்டு மணி நேரம் அதில் கட்டுண்டு நிற்பவர் எவரும் இல்லை. மூடிய அறைக்கு இருக்கும் சான்றின் வலு திறந்த கரைக்கு இல்லை. நகர முடியாமல் மக்கள் நெருங்கி நிற்கும் பஸ் வரிசையும், மருத்துவமனை, பாடசாலை வாசல்களும் மட்டும் இதற்குப் புறநடை.

ஆகவே என் தீர்ப்பு இது. மூடிய இடத் தடை நியாயமானது. அதன் நியாயம் தொழிலாளியின் மூச்சில் இருக்கிறது, மாரடைப்புப் புள்ளிவிபரத்தில் அல்ல. 30 அறை, 30 கதிரை விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். அதற்கு அறிவியலும் இல்லை, நீதியும் இல்லை. பக்கச் சுவர் இல்லாவிட்டாலும் கூரையின் கீழ் ஆட்கள் வேலை செய்யும் தவறணையும் கொட்டிலும் மூடிய இடமாகவே கொள்ளப்பட வேண்டும். தண்டம் முதலில் உரிமக்காரரிடமும் பிறகே புகைப்பவரிடமும் போக வேண்டும். திறந்த கடற்கரையில் பீடி பிடிப்பவரை நீதிமன்றத்துக்கு இழுக்கத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது விட்டுவிட உதவும் மருத்துவம். புகைப்பவரின் சுதந்திரத்தை இத்தீர்ப்பு வாசலுக்கு வெளியே விட்டுவைக்கிறது. உள்ளே நின்று உழைப்பவருக்கு அத்தகைய இன்னோர் இடம் இல்லை என்பதால், இரண்டும் மோதும்போது சட்டம் அவர் பக்கமே நிற்க வேண்டும்.