மஞ்சள் வெண்ணெயின் கணக்கு

2021 பிப்ரவரியில் கனடாவின் வீடுகளிலிருந்து ஒரு விசித்திரமான புகார் கிளம்பியது. இரவெல்லாம் மேசையில் வைத்த வெண்ணெய் விடிந்த பிறகும் இளகவில்லை. தடவப் போனால் ரொட்டிதான் பிய்கிறது. சந்தேகம் மாட்டுத் தீவனத்தின் மேல் விழுந்தது. பாலில் கொழுப்பைக் கூட்டுவதற்காகப் பண்ணைகள் தீவனத்தில் பாமாயில் கொழுப்பைச் சேர்த்து வந்தன. சட்டப்படி அதற்குத் தடையில்லை. பாமாயிலில் நிறைந்திருக்கும் பால்மிட்டிக் அமிலம் உருக 63 டிகிரி வெப்பம் வேண்டும். அது பாலில் ஏறினால் வெண்ணெய் கெட்டிப்படும். கடினத்துக்கு அதுவே முழுக் காரணமா என்பதில் வல்லுநர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் வேறு வழி பார்க்கும்படி கனடாவின் பால் பண்ணையாளர் அமைப்பு தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்தியாவுக்கு இது பழைய கதை. பருத்தி விளையும் சௌராஷ்டிரத்தில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பார்கள். அந்த மாட்டின் சுத்தமான நெய்யும் ஆய்வகத்தில் மற்ற ஊர் நெய்யின் அளவுகளுக்குள் அடங்காமல், கலப்படம் போலத் தோன்றும். அதனால் பழைய உணவுக் கலப்படத் தடை விதிகளில் பருத்தி வட்டார நெய்க்குத் தனி அளவுகோலே வைக்க வேண்டியிருந்தது.

ஆக, தொட்டியில் போடுவது வெண்ணெயில் தெரியத்தான் செய்கிறது. கேள்வி அடுத்தது: புல் மேய்ந்த மாட்டின் வெண்ணெய் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அந்தப் பேச்சு எவ்வளவு தேறும்?

அதற்கு நல்ல சாட்சி அயர்லாந்தில் இருக்கிறது. கார்க் மாவட்டத்து மூர்பார்க் ஆய்வு மையத்தில் 54 கறவை மாடுகளைப் பதினெட்டுப் பதினெட்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் வெறும் புல்வெளியில் மேய்ந்தது. இன்னொன்று புல்லும் குளோவர் என்ற தீவனச் செடியும் கலந்த வெளியில். மூன்றாவது கொட்டிலுக்குள் தானியமும் பதப்படுத்திய தீவனமும் தின்றது. 2016இல் வெளியான முடிவுகளின்படி, மேய்ந்த மாடுகளின் வெண்ணெயில் பீட்டா கரோட்டினும், சி.எல்.ஏ. என்ற கொழுப்பு அமிலமும் தெளிவாகக் கூடியிருந்தன. கொட்டில் வெண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் அதிகம். மேய்ச்சல் வெண்ணெய் நல்ல மஞ்சள், கத்திக்கும் இளக்கம்.

பசும்புல்லில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி ஒமேகா-3. ஆனால் அது அப்படியே மடிக்குப் போய்விடுவதில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் பிடித்து, பெரும்பாலும் நிறைகொழுப்பாக மாற்றிவிடுகின்றன. பாதி வழியில் தப்பும் ஒரு பகுதிதான் மடியில் சி.எல்.ஏ. ஆகிறது. எவ்வளவு நல்ல புல் தின்றாலும் பசுவெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறைகொழுப்பாகவே இருப்பதற்குக் காரணம் இந்த வயிறுதான்.

இனி கரண்டிக் கணக்கு. ஒருவர் நாளைக்கு 10 கிராம் வெண்ணெய் சாப்பிடுகிறார். அதில் கொழுப்பு 8 கிராம். தாராளமாக 2 சதவீதம் சி.எல்.ஏ. என்று வைத்தாலும் 160 மில்லிகிராம். உடல் எடை குறைகிறதா என்று பார்த்த சோதனைகளில் கொடுத்ததோ நாளைக்கு 3 கிராம் அளவு. அதற்கே பலன் சொற்பம். ஒமேகா-3 ஒரு சதவீதம் என்றால் 80 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் இருக்கிறது. மேய்ச்சல் வெண்ணெயில் சி.எல்.ஏ. ‘இரண்டு மடங்கு’ என்ற விளம்பரம் பொய்யில்லை. எதன் இரண்டு மடங்கு என்பதைத்தான் அது சொல்வதில்லை.

வைட்டமின் ஏ விஷயத்தில் பச்சைப் புல்லின் கை கொஞ்சம் ஓங்குகிறது. வெயிலில் காயக் காயப் புல்லில் கரோட்டின் அழியும். வைக்கோலில் அது இல்லை என்றே சொல்லலாம். சராசரி வெண்ணெய் 10 கிராமில் ஒரு பெரியவரின் அன்றாடத் தேவையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. அது கூடுவதும் குறைவதும் தீவனத்தின் பச்சையைப் பொறுத்தது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. எருமை கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிட்டே பாலில் விடுகிறது. அதன் வெண்ணெய் வெள்ளையாக இருப்பதால் சத்தில்லாதது ஆகிவிடாது. கடை வெண்ணெயின் பொட்டலத்தில் 160பி என்று அச்சிட்டிருந்தால், மஞ்சள் வந்தது அன்னாட்டோ விதையிலிருந்து.

உறையில் எழுதியிருப்பதற்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அயர்லாந்து 2020இல் கொண்டுவந்த தரவிதி, மாட்டின் உணவில் 95 சதவீதம் புல்லாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சதவீதம் ஈர எடைக்கு. குளிர்காலத்தில் போடும், புளிக்கவைத்துச் சேமித்த ஊறுகாய்ப்புல்லும் அதில் சேர்த்தி. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். 95 கிலோ புல்லையும் 5 கிலோ அடர்தீவனத்தையும் காயவைத்து நிறுத்தால், அடர்தீவனத்தின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று ஆகிவிடும். மோசடி இல்லை; ஆனால் வாங்குபவர் மனதில் விரியும் பச்சை வெளிக்கும் இந்தக் கணக்குக்கும் இடைவெளி உண்டு.

தவறு மாட்டுக்காரரிடம் இருப்பதாகவும் சொல்ல முடியாது. கனடாவில் கொழுப்புக்குக் கிலோ கணக்கில் பணம். எந்தக் கொழுப்பு என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்திலும் பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் இதர திடப்பொருளையும் பார்த்துத்தான். விடிகாலையில் கோ-4 புல்லை அறுத்துப் போட்டவரும், வைக்கோலோடு பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தவரும் ஒரே வரிசையில் பால்கேனோடு நிற்கிறார்கள். இயந்திரம் இருவருக்கும் 4.2 என்று காட்டுகிறது. சீட்டில் விழுகிற தொகையும் ஒன்றே.