தேள் இல்லை, தூங்கு

1934இல் ஹார்வர்டில் ஒரு விருந்து. இளம் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தத்துவவாதி வைட்ஹெட்டிடம் நடத்தைவாதத்தை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். மனம், எண்ணம் போன்ற சொற்களெல்லாம் தேவையில்லை. தூண்டல், துலங்கல், அதற்குக் கிடைக்கும் பலன் ஆகியவற்றைக் கொண்டே மனித நடத்தையை விளக்கிவிடலாம் என்பது அவர் கட்சி. மொழி விஷயத்தில் இது செல்லாது என்றார் வைட்ஹெட். இந்த மேசைமேல் கருந்தேள் ஏதும் விழவில்லை என்று நான் இப்போது சொன்னால் அதற்கு என்ன காரணம் காட்டுவாய் என்று சவால் விட்டார். மறுநாள் காலையிலேயே ஸ்கின்னர் பதில் எழுத உட்கார்ந்தார். ‘வெர்பல் பிஹேவியர்’ புத்தகமாக வெளிவரும்போது 1957 ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குத் தென்னேரியில் பாட்டி வீடுதான் ஞாபகம் வந்தது. கூரையிலிருந்து நிஜமாகவே தேள் விழும் வீடு. மழை ராத்திரிகளில் மேலேயே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பாட்டி விளக்கைத் தூக்கிக் காட்டி, “தேள் ஒண்ணும் இல்லடா, தூங்கு” என்பாள்.

இல்லாத தேள் எப்படித் தூண்டலாகும்? நூலின் கடைசியில் ஸ்கின்னர் ஒரு பதில் சொல்கிறார்: வைட்ஹெட்டின் கருந்தேள் நடத்தைவாதமேதான், தன் பேச்சு எழுப்பிய சங்கடம்தான் தேளாக வந்திருக்க வேண்டும். சாமர்த்தியமான பதில். ஆனால் பாட்டிக்கு அது பொருந்தாது. அவளைப் பேசவைத்தது தேள் அல்ல, என் பயம். அந்தப் பயத்தைப் பார்க்க அவள் என் மனசுக்குள் ஒரு எட்டு போய்வர வேண்டியிருந்தது. அந்த மனசைத்தான் ஸ்கின்னர் தள்ளிவைத்தார்.

நம்மில் பெரும்பாலோர் இந்தப் புத்தகத்தை அறிந்தது, 1959இல் நோம் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை வழியாகத்தான். எலி நெம்புகோலை அழுத்தும் ஆய்வுக்கூடத்தில் துல்லியமாக இருந்த சொற்கள், மொழிக்கு வந்ததும் நீர்த்துப்போய்விடுகின்றன என்றார் சாம்ஸ்கி. அதுவரை கேட்டே இராத வாக்கியங்களைக் குழந்தை எப்படிப் பேசுகிறது என்பதும் அவர் கேள்வி. என் அக்கா மகள் மூன்று வயதில் “பொம்மைய அங்க போடுனேன்” என்பாள். ஆடுனேன், ஓடுனேன், பாடுனேன், தேடுனேன்; அந்தக் கணக்கில் போடுனேன். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதற்காக யாரும் மிட்டாய் கொடுக்கவும் இல்லை. அவளாகவே ஒரு விதி கண்டுபிடித்துவிட்டாள். இந்த இடத்தில் சாம்ஸ்கி பக்கம்தான் நான்.

ஆனால் அந்த மதிப்புரையோடு ஸ்கின்னரை மூடிவைப்பது நியாயமில்லை. ஒரு சொல் என்ன பொருள் தருகிறது என்று கேட்காமல், அது என்ன வேலை செய்கிறது என்று அவர் கேட்டார். இன்னொருவர் வழியாகப் பலன் பெறும் நடத்தையே பேச்சு என்றார். எங்கள் ஏரிக்கரையில் பெரியப்பா நின்றுகொண்டு “மதகு அடைச்சிருக்கே” என்பார். இலக்கணப்படி அது தகவல். கேட்பவர் வழிப்போக்கர் என்றால் தகவல்தான். தண்ணீர் கட்டுபவர் என்றால் அது கோரிக்கை, கொஞ்சம் குத்தலும்கூட. வாக்கியம் ஒன்று, வேலை வேறு. இந்த வேறுபாட்டுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தது ஸ்கின்னரின் சாதனை. கேட்பவரை இவ்வளவு முக்கியமாக்கிவிட்டு, கடைசியில் அவரைப் பலன் கொட்டும் நெம்புகோலாகவே நிறுத்திவிட்டது அவரது தோல்வி.

நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சாதனை அல்ல. 1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ‘ஸ்ட்ரக்சுரல் அப்ரோச்’ வந்தது. வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய் பழகும்வரை சொல்லவைக்கும் முறை. அது பிரிட்டிஷ் மொழியாசிரியர்களின் மரபு, ஸ்கின்னருடையதல்ல. ஆனால் மொழி ஒரு பழக்கம், பழக்கம் பயிற்சியால் வரும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. நாற்பது வருஷம் கழித்து என் வகுப்பிலும் அதுதான். ‘திஸ் இஸ் எ பென்.’ மொத்த வகுப்பும் ஒரே குரலில். அது பேனா என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னதால் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. ஸ்கின்னர் பிரித்த பல வகைகளில் எதிரொலிப்பது ஒன்றுதான். எங்கள் வகுப்பில் அது மட்டுமே இருந்தது.

அதன் விலை என்னவென்று சென்னையில் முதல் வேலைக்கான நேர்காணலில் தெரிந்தது. ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றதும் கடகடவென்று ஒப்பித்தேன். அடுத்து, ஊரிலிருந்து இங்கே எப்படி வந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டார். வாலாஜாபாத் வந்து பஸ் மாறினேன். இவ்வளவுதான் பதில். அது வாயில் வரவில்லை. கேட்டவருக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல அதுவரை எனக்கு வாய்த்ததே இல்லை.

இந்த இடைவெளியைச் சென்னையிலேயே ஒருவர் கண்டுகொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு பரிசோதனை நடத்தினார். ‘பெங்களூர் திட்டம்’ என்று பெயர் பெற்றது. இலக்கண வரிசை இல்லை, கூட்டாக ஒப்பிப்பதும் இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று கேட்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிக்கச் சொல்வது. கவனம் விஷயத்தில் இருந்தால் இலக்கணம் உள்ளே தானாக வளரும் என்பது அவர் துணிபு. 1985இல் வெளியான மதிப்பீடு முழு வெற்றி என்று சொல்லவில்லை. ஓரளவு சாதகமாகவே சொன்னது. 1987இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார் பிரபு. உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் அது பேசப்படுகிறது. நம் டியூஷன் சென்டர்களில் இன்னமும் பேனாதான்.

எனக்கு ஆங்கிலம் வந்தது ஒரு நள்ளிரவு காலில். நான் ஏற்றிய கோடால் சர்வர் விழுந்திருந்தது. என்ன மாற்றினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே ஆகவேண்டிய நாலு பேர் மறுமுனையில். தப்புத் தப்பான இலக்கணத்தில் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்தது.

அக்கா மகளுக்கு இப்போது ஐந்து வயது. ‘போட்டேன்’ என்று தானாகவே மாறிவிட்டாள். ஆங்கில டியூஷனிலும் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் வீடியோ காலில் கையில் எதையோ வைத்திருந்தாள். ‘வாட் இஸ் திஸ்?’ என்று கேட்டேன். சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “நீயே சொல்லு மாமா” என்றாள்.