ஆசனங்களும் மகப்பேறும்: ஒரு மதிப்பீடு

திருமணமாகி ஓராண்டு, ஈராண்டு கடந்தும் குழந்தை இல்லாத தம்பதியருக்கு நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. அரசமரத்தைச் சுற்றச் சொல்வார் ஒருவர்; திருக்கருகாவூர் நெய்யை உண்ணச் சொல்வார் இன்னொருவர்; கைராசியான டாக்டர் ஒருவரின் முகவரியைத் தருவார் மற்றொருவர். அண்மைக் காலமாக இந்த வரிசையில் யோகாசனமும் சேர்ந்துகொண்டது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் கருத்தரிப்பதற்கென்றே தனி வகுப்புகள் நடத்துவோர் உண்டு. இந்த ஆசனம் கருப்பைக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும், அந்த ஆசனம் சினைப்பையைத் தூண்டும் என்று சொல்லித் தருகிறார்கள்.

யோகப் பயிற்சி உடலுக்கு நல்லதா என்பது நம் கேள்வியன்று. நல்லது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது மகப்பேற்றைத் தரும் என்று சொல்லப்படுகிறதே, அந்தக் கூற்றுக்கு ஆதாரம் என்ன? இதைத்தான் நாம் இங்கே ஆராயப் போகிறோம்.

நூல்கள் சொல்வது

யோகாசனத்தின் இன்றைய வடிவத்திற்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) 1950-களில் சென்னைக்குக் குடிவந்து, தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை இங்கேயே கழித்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். தந்தையின் பெயரால் 1976-இல் அவர் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் மந்தைவெளியில் இயங்கி வருகிறது. ஆளுக்கு ஏற்றவாறு பயிற்சியை மாற்ற வேண்டும் என்பது இந்த மரபின் முக்கியமான கொள்கை. பெண்களுக்கு யோகம் கூடாது என்ற எண்ணம் பரவலாக இருந்த நாளிலேயே கிருஷ்ணமாச்சாரியார் அவர்களுக்குக் கற்பித்தார் என்பதையும் பாராட்டோடு குறிப்பிட வேண்டும்.

அவருடைய 'யோக மகரந்தம்' கன்னடத்தில் 1934-இல் வெளிவந்தது. அவரிடம் பயின்ற பி.கே.எஸ். அய்யங்காரின் 'லைட் ஆன் யோகா' 1966-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. இவ்விரு நூல்களிலும் ஆசனத்தைச் செய்யும் முறையை அடுத்து, அதனால் நீங்கும் நோய்களும் கிடைக்கும் பலன்களும் சொல்லப்படுகின்றன. பத்த கோணாசனத்தை எடுத்துக்கொள்வோம். பாதங்கள் இரண்டையும் சேர்த்து, முழங்கால்களை அகல விரித்து அமரும் ஆசனம் இது. மாதவிலக்கு சீராகும், சினைப்பை நன்கு இயங்கும் என்று அய்யங்கார் இதன் பலனைக் கூறுகிறார்.

செய்முறைப் பகுதியில் இந்நூல்கள் மிகத் துல்லியமானவை. எந்த விரல் எங்கே இருக்க வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் அளந்து சொல்லப்பட்டிருக்கும். பலன் பகுதிக்கு வந்ததும் அந்தத் துல்லியம் காணாமற் போகிறது. எத்தனை பேருக்குச் சீரானது? எத்தனை மாதத்தில்? ஆசனம் செய்யாதவர்களில் எத்தனை பேருக்குத் தானாகவே சீரானது? இவற்றுக்கு அங்கே விடை இல்லை. ஆசிரியர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. நீண்ட அனுபவத்தில் கண்டதை அவர்கள் எழுதினார்கள். ஆனால் அனுபவம் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு யோக உலகிலிருந்தே ஒரு சான்று தரலாம். யோகியர் சிலர் தம் இதயத்தை நிறுத்திக் காட்டியதாகச் சொல்லப்பட்டு வந்தது. நாடி பார்த்தால் துடிப்பு தெரியாது. மார்பில் குழல் வைத்துக் கேட்டாலும் ஒலி கேட்காது. வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூன்று விஞ்ஞானிகள் இத்தகைய யோகியரைக் கருவிகள் கொண்டு சோதித்து, 1961-இல் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் உயர்கிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதனால் நாடி மங்குகிறது. இதயத்தின் மின்னலை வரைபடமோ இதயம் துடித்துக்கொண்டே இருந்ததைக் காட்டியது. நாடி பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. நாடியை மட்டும் பார்த்து இதயம் நின்றது என்று முடிவு கட்டியதுதான் பிழை.

தலைகீழாக நின்றால் என்ன நடக்கும்?

இப்போது சர்வாங்காசனத்திற்கும் விபரீத கரணிக்கும் வருவோம். உடலைத் தலைகீழாக்கினால் கருப்பைக்கு இரத்தம் பாயும் என்பது பரவலான நம்பிக்கை. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த திரவ அழுத்தச் சூத்திரமே இதைச் சோதிக்கப் போதும்.

நிற்கும் நிலையில் கருப்பை இதயத்திற்குச் சுமார் 30 செ.மீ. கீழே இருப்பதாகக் கொள்வோம். அந்த உயரமுள்ள இரத்தக் கம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ 23 மி.மீ. பாதரசம். ஆகவே நிற்கும்போது கருப்பைத் தமனியின் அழுத்தம் இதய மட்டத்தைவிட இவ்வளவு கூடுதல். தலைகீழானால் கருப்பை இதயத்திற்கு மேலே போய்விடுகிறது. அழுத்தம் அதே அளவு குறைகிறது. சொல்லப்படுவதற்கு நேர்மாறான விளைவு இது! இன்னொன்றையும் கவனியுங்கள். தமனியில் ஏற்படும் மாற்றம் சிரையிலும் ஏற்படுகிறது. இரத்த ஓட்டத்தை நிர்ணயிப்பது இவ்விரண்டின் வேறுபாடு. வேறுபாடு மாறாதபோது ஓட்டமும் பெரிதாக மாறாது. போதாக்குறைக்கு, நுண்தமனிகள் சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. காலை உயர்த்தினால் காலில் தேங்கிய இரத்தம் வடிந்து சுகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்கு மேல் சொல்ல இடமில்லை.

உறவுக்குப்பின் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி வைத்தால் விந்தணு உள்ளே இறங்கும் என்பதும் இதே வகை. விந்தணுவின் தலை 5 மைக்ரோமீட்டர் நீளமே உள்ளது. இவ்வளவு சிறிய பொருளுக்குத் திரவம் தரும் தடை மிக அதிகம். நீர் போன்ற திரவத்தில் புவியீர்ப்பினால் மட்டும் அது விழும் வேகத்தை ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால், நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் அளவுதான் வருகிறது. நன்கு நீந்தும் விந்தணுவோ நொடிக்கு 25 மைக்ரோமீட்டருக்கு மேல் செல்லும். கருப்பைத் தசைகளின் அசைவும் அதைக் கொண்டுசெல்கிறது. இந்தப் பயணத்தில் புவியீர்ப்பின் பங்கு மிக அற்பம்.

கணக்கு மட்டும் போதாது, சோதனையும் வேண்டும் என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுத்திகரித்த விந்தைக் குழாய் மூலம் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையில் இது நெதர்லாந்தில் சோதிக்கப்பட்டது. 2009-இல் 391 தம்பதியரிடம் நடந்த ஆய்வில், 15 நிமிடம் படுத்திருந்த குழுவில் 100-க்கு 27 பேரும், உடனே எழுந்த குழுவில் 18 பேரும் கருவுற்றனர். 2017-இல் வெளிவந்த, 479 பெண்களைக் கொண்ட ஆய்வில் படுத்திருந்தவர்களில் 100-க்கு 32 பேர், உடனே எழுந்தவர்களில் 40 பேர். முதல் ஆய்வு காட்டிய நன்மை இரண்டாவதில் மறைந்துவிட்டது. ஒரே ஒரு ஆய்வை நம்பி வகுப்பு தொடங்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எட்டுப் பேரின் கணக்கு

"எங்கள் வகுப்பில் சேர்ந்த எத்தனையோ பேர் தாயாகியிருக்கிறார்கள்" என்று யோக ஆசிரியர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கணக்கை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று முயலும் 100 தம்பதியரில் சுமார் 84 பேர் முதல் ஆண்டிலேயே கருத்தரிக்கிறார்கள். எஞ்சுவோர் 16 பேர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது 8 பேர், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இரண்டாம் ஆண்டில் கருத்தரிக்கிறார்கள். இனி, அந்த 16 பேரும் ஓராண்டு முடிந்ததும் ஒரு வகுப்பில் சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்; தட்டச்சு வகுப்பாகவும் இருக்கலாம்! ஆண்டு முடிவில் 8 பேர் இனிப்புப் பெட்டியோடு ஆசிரியரைப் பார்க்க வருவார்கள். மற்ற 8 பேர் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். ஆசிரியரின் நினைவில் தங்குவது இனிப்புப் பெட்டிதான்.

மேலும், இந்தத் தம்பதியர் யோகம் மட்டும் செய்வதில்லை. மாத்திரை சாப்பிடுகிறார்கள், எடையைக் குறைக்கிறார்கள், வேண்டுதல் செய்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே சமயத்தில் நான்கு மாறிகளை மாற்றிவிட்டு, ஊசி நகர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் போடுவதில்லை. ஆகவேதான் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆட்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சி தந்து ஒப்பிட வேண்டும் என்கிறோம்.

ஆய்வுகள் காட்டுவது

அப்படிச் செய்த நல்ல ஆய்வொன்று நம் பக்கத்து மாநிலத்திலேயே உண்டு. ஆந்திராவின் அனந்தபூரில் விடுதிக் கல்லூரி ஒன்றில், பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள 15 முதல் 18 வயது வரையிலான 90 மாணவிகள் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு யோகமும் மற்றது சாதாரண உடற்பயிற்சியும் 12 வாரம் செய்தன. சில ஹார்மோன் அளவுகளில் யோகக் குழு கூடுதல் முன்னேற்றம் கண்டது. எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இவர்கள் மாணவிகள். கருத்தரிப்பு இங்கே அளக்கப்படவில்லை. ஹார்மோன் சீரானது என்பதற்கும் குழந்தை பிறந்தது என்பதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு.

மன அமைதியைப் பற்றி என்ன சொல்வது? 2000-இல் அமெரிக்காவில் 184 பெண்களிடம் டோமார் என்பவரின் குழு ஆய்வு நடத்தியது. மனப்பயிற்சி பெற்றோரில் 100-க்கு 55 பேரும், கூடிப் பேசும் குழுவில் 54 பேரும், எதுவும் பெறாதோரில் 20 பேரும் கருவுற்றனர். இந்த எண்கள் இன்றும் விளம்பரங்களுக்கு உதவுகின்றன. ஆனால் எதுவும் பெறாத குழுவில் பலர் இடையிலேயே விலகிவிட்டதால் ஒப்பீடு பலவீனமானது. 2016-இல் 39 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு, இத்தகைய பயிற்சிகளால் கருத்தரிப்பு கூடுகிறதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, சான்றின் தரம் மிகக் குறைவு என்றது. இன்னொரு முக்கியமான முடிவு 2011-இல் வந்தது. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சைக்கு முன் கவலை மிகுந்திருந்தவர்களுக்கும் குறைந்திருந்தவர்களுக்கும் கருத்தரிப்பில் வேறுபாடு காணப்படவில்லை.

இந்தக் கடைசி முடிவை ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டும். ஏன் தெரியுமா?

பழி யார் மீது?

"கவலைப்படாதே, கவலைப்பட்டால் கரு தங்காது" என்று சொல்கிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அடுத்த மாதமும் ஏமாற்றமானால் அதன் பொருள் என்ன? நீ கவலைப்பட்டாய், ஆகவே தவறு உன்னுடையது என்றாகிவிடுகிறது. ஆசனத்தைச் சரியாகச் செய்யவில்லை, ஒரு நாள் விட்டுவிட்டாய் என்ற குற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஏற்கெனவே மாமியார் வீட்டிலும் திருமண வீட்டிலும் கேள்விகளைத் தாங்கும் பெண்ணுக்கு விஞ்ஞானத்தின் பெயரால் இன்னொரு பழி.

இந்த வகுப்புகள் பெரும்பாலும் பெண்களை நோக்கியே பேசுகின்றன. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது, செலவு குறைந்தது. மனைவி ஈராண்டு ஆசனம் செய்த பிறகும் கணவர் அந்தப் பரிசோதனைக்குப் போகாத வீடுகள் நம்மிடையே உண்டு. அடைபட்ட கருக்குழலை எந்த ஆசனமும் திறந்ததாகச் சான்று இல்லை. ஆனால் காலம் நிற்பதில்லை. பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டினால் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் இதே சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியால் பிறந்தது. அந்தச் சிகிச்சையும் இழந்த வயதை மீட்டுத் தராது.

என்ன செய்யலாம்?

யோகம் செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். உடல் இலகுவாகும், உறக்கம் வரும், நீண்ட சிகிச்சையின் மனச்சுமை குறையும். பயிற்சிக்கு இந்தப் பலன்களே போதிய காரணம். சினைப்பையைத் தூண்டும் ஊசி போட்டுக்கொள்வோர் மட்டும் உடலை முறுக்கும் ஆசனங்களையும் கடும் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. அப்போது பெருத்திருக்கும் சினைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயற்சிக்குப்பின், அதற்கு மேல் என்றால் ஆறு மாதத்திற்குப்பின், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். வகுப்பில் சேர்ந்திருப்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாசகர்களே, உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் இத்தகைய வகுப்பில் சேரப் போகிறார் என்றால், அங்கே மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? இடையில் நின்றவர்கள் எத்தனை பேர்? டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் எது என்று நீங்கள் சொல்வீர்களா? இவற்றுக்கு நேரான விடை தருகிற ஆசிரியரிடம் நம்பிச் சேரலாம். குழந்தை நிச்சயம் என்று வாக்குறுதி தருபவரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது.