மூன்றாவது கிராஸா, நான்காவது கிராஸா?

தில்லை நகரில் ஒருவருக்கு வழி சொல்வது கொஞ்சம் சிரமம். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் எந்த கிராஸில் நுழைந்தாலும் ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு பல் டாக்டர், மொட்டை மாடிவரை வகுப்பு நடத்தும் ஒரு டியூஷன் சென்டர். மூன்றாவது கிராஸையும் நான்காவதையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் பலகையில் இருக்கும் எண்தான். வருஷக்கணக்காக இங்கே இருப்பவர்கள்கூட வண்டியை ஒரு கிராஸ் தள்ளி நிறுத்திவிட்டு, "இங்கதானேப்பா விட்டேன்" என்று தேடுவார்கள். அவர்களுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நேற்று விட்ட இடமும் இன்று விட்ட இடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன, அவ்வளவுதான். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் இதே பரீட்சைக்கு வேறு வினாத்தாள். கீழச் சித்திரை வீதி, கீழ உத்திர வீதி, வடக்குச் சித்திரை, வடக்கு உத்திரம். மதிலுக்குள் மதில், வீதிக்குள் வீதி. வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே வீதிதான்.

இந்தப் பரீட்சையைத் தமிழில் மிக நன்றாக எழுதியவர் சுஜாதா. திருச்சி செயின்ட் ஜோசப்பில் இயற்பியல், சென்னை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை என்று போன ரங்கராஜன், ஊரை விட்டு வந்து பல வருஷங்கள் கழித்துத்தான் ஸ்ரீரங்கத்துக் கதைகளை எழுதினார். அதே ஆள் மூளையைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்: 'தலைமைச் செயலகம்'. அந்தத் தலைப்பு ஒரு எஞ்சினியருக்கு உடனே பிடித்துவிடும். செயலகம் என்றால் துறைகள், அலமாரிகள், கோப்புகள், மேலிடத்து உத்தரவு. நினைவு என்பது எங்கோ ஓர் அறையில் பத்திரமாக இருக்கும் கோப்பு, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்ரீரங்கத்துக் கதைகளையும் நாம் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம், சுஜாதா பத்திரப்படுத்தி வைத்த கோப்புகளாக. அந்த வாசிப்பு கதைகளுக்குச் செய்கிற அநியாயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செயலகத்தைக் கொஞ்சம் கலைத்துவிடலாம். வளர்ந்த மூளையில் புது நியூரான் பிறக்காது, இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும் என்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்குப் பாடம். 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் இதை மறுத்தார். 1965ல் கோபால் தாஸுடன் சேர்ந்து, பிறந்த பிறகும் எலியின் ஹிப்போகாம்பஸில் புது நியூரான்கள் உருவாவதைக் காட்டினார். நினைவுகளை உருவாக்குவதில் முக்கியப் பங்குள்ள பகுதி அது. அப்போது கண்டுகொண்டவர்கள் குறைவு. 1998ல்தான் மனித மூளையில் சான்று கிடைத்தது. புற்றுநோய் செல்கள் பெருகுவதைக் கண்காணிக்கச் சில நோயாளிகளுக்கு ஒரு ரசாயனம் கொடுத்திருந்தார்கள். பிரிகிற செல்களில் போய் ஒட்டிக்கொள்ளும் ரசாயனம் அது. அவர்கள் இறந்த பிறகு ஹிப்போகாம்பஸைப் பரிசோதித்தபோது, அந்த அடையாளத்தோடு நியூரான்கள் இருந்தன. 2013ல் ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசென் குழு இன்னும் விசித்திரமான ஒரு கடிகாரத்தைப் பயன்படுத்தியது. பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 நம் செல்களின் டி.என்.ஏ.விலும் சேர்ந்திருக்கிறது. அதை அளந்தால் செல்லின் வயது தெரியும். ஒரு ஹிப்போகாம்பஸில் ஒரு நாளைக்குச் சுமார் 700 புது நியூரான்கள் சேர்கின்றன என்பது அவர்கள் போட்ட கணக்கு.

விஷயம் அத்தோடு முடியவில்லை. 2018ல் ஒரு குழு பெரியவர்களின் மூளையில் இளம் நியூரான் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை என்றது. கொஞ்ச நாளிலேயே இன்னொரு குழு 79 வயதுவரை இருக்கிறது என்றது. 2025ல் ஃப்ரிசென் குழு, வளர்ந்த மனித மூளையில் புது நியூரான்களுக்குத் தாயான செல்கள் பிரிந்துகொண்டிருப்பதைக் கண்டதாக அறிவித்தது. ஆளுக்கு ஆள் அளவு வெகுவாக மாறுகிறது என்றும் சொன்னது. சண்டை இன்னும் ஓயவில்லை. எலிகளில் மட்டும் சண்டை கிடையாது.

அந்த எலிகளிடமிருந்து இலக்கிய வாசகருக்குக் கிடைப்பவை இரண்டு. முதலாவது பிரித்தறிதல். புது நியூரான்கள் சேரும் இடம் ஹிப்போகாம்பஸின் வாசல் போன்ற டென்டேட் கைரஸ். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அனுபவங்களை வேறு வேறாகப் பதிய வைக்க அது உதவுகிறது. 2009ல் வந்த ஓர் ஆய்வில், புது நியூரான் பிறப்பதை நிறுத்திய எலிகள் தள்ளித் தள்ளி இருந்த இடங்களைச் சரியாகக் கண்டுபிடித்தன. பக்கத்துப் பக்கத்து இடங்களில்தான் தடுமாறின. மூன்றாவது கிராஸா, நான்காவது கிராஸா என்கிற அதே தடுமாற்றம். இரண்டாவது, மறதி. 2014ல் டொராண்டோவில் பால் ஃப்ராங்க்லேண்ட், ஷீனா ஜாசலின் குழு எலிகளுக்கு ஒரு பயத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு சக்கரத்தில் ஓடவிட்டது. ஓட்டம் புது நியூரான்களைக் கூட்டும். ஓடிய எலிகள் பயத்தை மறந்தன. புது செல் பழைய பின்னலுக்குள் இடம் பிடிக்கும்போது பழைய இணைப்புகள் கலைகின்றன என்பது அவர்கள் விளக்கம். நம் முதல் இரண்டு மூன்று வருஷங்கள் நமக்கு நினைவில்லாமல் போனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வயதில் புது நியூரான்கள் பிறக்கும் வேகம் அதிகம்.

நான் பிழைப்பு நடத்துவது டேட்டாபேஸில். அங்கே புதிதாக ஒரு வரி எழுதினால் பழைய வரி அசையக் கூடாது, அசைந்தால் நடுராத்திரி போன் வரும். மூளையில் புதிது வந்தால் பழையது அசையும். அது கோளாறு இல்லை, வேலை நடக்கிற விதமே அதுதான்.

இப்போது கதைகளுக்கு வருவோம். ரங்கு கடையைச் சுற்றி நிற்கும் பையன்களைப் பாருங்கள். ஒரே வயது, ஒரே வீதி, ஒரே கோயில், ஒரே கிரிக்கெட். கே.வி. பேச ஆரம்பித்தால் இரண்டு வரியில் அவன் தனி ஆள் ஆகிவிடுகிறான். ரங்கு அலட்டிக்கொள்ளாமல் சொல்லும் ஒரு பதிலை வேறு யார் வாயிலும் வைக்க முடியாது. 'குண்டு ரமணி', 'திண்ணா', 'சீனு', 'ஏறக்குறைய ஜீனியஸ்' என்று பல கதைகளின் தலைப்பே ஓர் ஆளின் பெயர் அல்லது பட்டம். வெளியூர்க்காரருக்கு ஒன்றாகத் தெரியும் ஆட்களை ஒருவர்மேல் ஒருவர் ஏறவிடாமல் பிரித்து நிறுத்துவதுதான் சுஜாதாவின் சாமர்த்தியம். நாஸ்டால்ஜியாவுக்கு இது வராது. அது எல்லோரையும் ஒரே மஞ்சள் வெளிச்சத்தில் நனைத்து ஒரே ஆளாக்கிவிடும்.

இதற்கு மறதியும் உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். வீதி முழுக்கச் சொல்ல வேண்டும் என்ற பதற்றம் இந்தக் கதைகளில் இல்லை. ஒரு திண்ணை, ஒரு பாட்டி, ஒரு கடை, மிச்சத்தைக் காலம் கழித்துவிட்டது. ஒருமுறை நண்பர்களோடு ஸ்ரீரங்கம் போனபோது, ரங்கு கடை எங்கே இருந்திருக்கும் என்று பெரிய சண்டை. "இந்த முக்குதான்டா", "போடா, கதையில அப்படியா வருது?" கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். "ஏன் தம்பி, கதை நன்னா இருந்துதா இல்லையா?" என்றார். கோப்பைத் தேடிப் போனவர்களுக்கு அதைவிட நல்ல விமர்சனம் கிடைக்காது.

ஆனால் இந்த அளவுகோல் பாராட்டுவதற்கு மட்டும் பயன்படுகிற ஒன்று இல்லை. எங்கே பிரிக்கிறார் என்று கேட்டால், எங்கே பிரிக்கவில்லை என்றும் கேட்டாக வேண்டும். தொகுப்பின் பெயரிலேயே பதில் இருக்கிறது: 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. பையன்கள் ஆளுக்கொரு பெயரும் பட்டமும் குரலுமாக நிற்கிறார்கள். பெண்களில் பலர், குண்டு ரமணி போன்ற சிலரைத் தவிர, அந்தப் பையன்களின் பார்வையில் ஒரு மின்னலாக வந்து போகிறார்கள். தேவதை என்பது உயரத்தில் தூக்கி வைப்பது போலத் தோன்றினாலும் மொத்தமாகக் கட்டி வைக்கும் சொல்தான். அதேபோல், சித்திரை வீதிக்குள் ஒருவரை ஒருவர் நுணுக்கமாகப் பிரித்தறியும் கதை, அந்த வீதிக்கு வெளியே இருந்து வேலைக்கு வருகிறவர்களிடம் அதே கவனத்தைக் காட்டுவது அபூர்வம். அவர்கள் பின்னணியாகிவிடுகிறார்கள். எலிக்குப் பக்கத்து இடங்கள் கலங்குவது உயிரியல். மனிதர்கள் விஷயத்தில் யார் யாருக்கு ஒரே மாதிரித் தெரிகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது செல் இல்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதுதான். நியூரானைக் காட்டி இதற்கு விலக்கு வாங்கித் தர முடியாது. சுஜாதாவும் கேட்டிருக்க மாட்டார்.

அதனால் இந்தக் கதைகளை ஓர் ஊரின் பத்திரமான ஞாபகம் என்று கொண்டாடுவதை நிறுத்தலாம். ஒரு மனசு எதைத் தனித்தனியாகப் பிரித்தது, எதை ஒன்றாகக் கலந்தது, எதைக் கைவிட்டது என்று வாசித்தால் அவை இன்னும் பெரிய கதைகள். குறைகளும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. அவர் விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டியது என்ன என்பதும் தெரிகிறது. ஸ்கேன் சென்டர் வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண், அடுத்த கிராஸ் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் பெண்: இந்த இருவரையும் கலக்காமல் பிரித்துக் காட்டும் ஒரு கதை தில்லை நகரிலிருந்து இதுவரை என் கண்ணில் படவில்லை.