அப்பர் தலச் சுற்றுலா: ஒரு நாளில் எதை விடலாம்?

பண்ருட்டியில் வேன் பிடித்து அப்பர் தலங்களுக்குக் கிளம்புகிறவர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: அவர் பிறந்த திருவாமூர், சூலை நோய் தீர்ந்த திருவதிகை, கல்லோடு கரையேறியதாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூர். நேரமிருந்தால் திருவந்திபுரம், கடைசியில் சிதம்பரம். பக்திக்கு இது போதும். ஆனால் அப்பரைப் புரிந்துகொள்ள வந்தவருக்கு இதில் பாதிக் கதைதான் கிடைக்கிறது.

அந்தப் பாதியில் குறை சொல்ல அதிகமில்லை. திருவதிகை வீரட்டானத்துக்கு இரண்டு மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம். பதினாறு பட்டை லிங்கமும் திரிபுரமெரித்த கதையும் ஒருபுறம். அக்கா திலகவதியார் தம்பிக்குத் திருநீறு கொடுத்துச் சைவத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த இடம் இது என்பது மறுபுறம். சுந்தரர் இவ்வூரை மிதிக்கத் தயங்கிச் சித்தவட மடத்தில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். அப்பர் உழவாரப்பணி செய்த மண்ணாயிற்றே!

விடுபட்ட பாதி சமணம். மருள்நீக்கியார் என்ற இயற்பெயர் கொண்ட அப்பர் சமணம் சேர்ந்து தருமசேனராக இருந்தது கடலூர்ப் பாடலியில், அதாவது திருப்பாதிரிப்புலியூரில். அங்கே சர்வநந்தி 'லோகவிபாகம்' என்ற உலக அமைப்பு நூலை எழுதி முடித்த ஆண்டு சக 380, அதாவது கி.பி. 458. அப்பருக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய புலமை அது. சைவத்துக்கு மனம் மாறிய பல்லவ மன்னன் பாடலியின் சமணப் பள்ளிகளை இடித்து, திருவதிகையில் குணபரேச்சரம் கட்டினான் என்று பெரியபுராணத்தில் பாடுகிறார் சேக்கிழார். குணபரன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். சேக்கிழாரோ ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். வென்ற பக்கத்துக் கவிஞர். அவர் சாட்சியத்தைத் தள்ளவும் வேண்டாம், கேள்வி கேட்காமல் ஏற்கவும் வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோயிலில் நின்று தேவாரம் கேட்கிற பயணிக்கு லோகவிபாகத்தின் பெயரையாவது யாராவது சொல்ல வேண்டாமா?

இரு பக்கத்தையும் பார்க்க முடிகிற ஊர்களும் உண்டு. ஜப்பானின் நாராவில் கொஃபுகு-ஜி என்ற பௌத்தக் கோயிலையும் கசுகா தாய்ஷா என்ற ஷிந்தோ ஆலயத்தையும் நடந்தே ஒரே நாளில் பார்த்துவிடலாம். நெடுங்காலம் பின்னிப் பிணைந்திருந்த அந்த வழிபாடுகளை 1868இல் மெய்ஜி அரசு ஆணை போட்டுப் பிரித்தது. கொஃபுகு-ஜிக்குப் பலத்த அடி. இருந்தும் இரண்டும் நிற்கின்றன, இரண்டையும் பார்த்தவர் பிரிவினையின் விலையைத் தாமே கணக்கிடலாம். பாடலியில் அந்த வசதி இல்லை. சமணப் பள்ளி போய்விட்டது, கதை மட்டும் மிச்சம்.

ஆகவே என் தீர்ப்பு: பட்டியலிலிருந்து சிதம்பரத்தை எடுத்துவிடுங்கள். அப்பர் அங்கும் பாடியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் சிதம்பரத்துக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். மாலையில் அவசரமாக நுழைந்து கூட்டத்தோடு வெளியே வருவது அந்தக் கோயிலுக்கே மரியாதையில்லை. திருவந்திபுரம் நல்ல கோயில், இந்தக் கதைக்கு மட்டும் தேவையில்லை.

அந்த நேரத்தில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டைக்குப் போகலாம். குன்றின்மேல் அப்பாண்டைநாதர், அதாவது சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர், பாறையில் செதுக்கப்பட்டு நிற்கிறார். தமிழ்ச் சமணர்கள் இன்றும் கும்பிடுகிறார்கள். அலைச்சல் கூடும், உண்மைதான். ஆனால் நண்பகலில் சிவன் கோயில்கள் நடை சாத்தியிருக்கும் நேரம் எப்படியும் வீண்தான்; அதைப் பயணத்துக்குச் செலவிட்டால், குன்றுக்குப் போய்ச் சேரும்போது வெயிலும் தாழ்ந்திருக்கும்.