செருப்பு அலமாரியும் சிப்பாயும்

ஷோஜி கட்டோ 1998-இல் தொடங்கிய 'ஃபுல் மெட்டல் பேனிக்' நாவல்களின் நாயகன் சோசுகே சகாரா. ஆப்கானிஸ்தான் போர்க்களத்தில் வளர்ந்த பையன். கனாமே என்ற மாணவியைக் காக்க டோக்கியோ உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே தன் செருப்பு அலமாரியை யாரோ திறந்திருப்பது தெரிந்ததும் குண்டு என்று நினைத்து அதையே தகர்த்துவிடுகிறான். உள்ளே இருந்தது காதல் கடிதம்.

மூலத்தில் இது நகைச்சுவை. ரசிகர்கள் எழுதும் புனைவுகளில் எனக்குப் பிடித்தவை, அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு தொடங்குகின்றன. போர் முடிந்துவிட்டது, இனி என்ன? கடையில் எந்த அரிசி வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறான். உணவகத்தில் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவான். பட்டாசுச் சத்தத்தில் அவன் கை இடுப்புக்குப் போகிறது, அங்கே எதுவும் இல்லை. கனாமே பார்த்தும் பாராதது போல் சோற்றைப் பரிமாறுகிறாள்.

பாத்திரத்தை வாசகருக்கு அறிமுகப்படுத்தும் வேலையே இங்கு இல்லை. எல்லோருக்கும் அவனைத் தெரியும். அதனால் ஒரு முழுக் கதையையும் ஒரு சாப்பாட்டு வேளைக்குள் முடிக்க முடிகிறது. பெரிய நாவல்கள் அவசரத்தில் தாண்டிப் போகும் இடத்தில் இந்த ரசிகர்கள் பொறுமையாக உட்காருகிறார்கள். காசு கிடையாது, பெரும்பாலும் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. அவன் ஒரு இரவாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறார்கள். அந்த அக்கறைக்காகவே மறுபடி மறுபடி படிக்கிறேன்.